பதம் அறிந்த கைகளும் பிள்ளையின் ஹாக்கிப் பையும்

வேலூர் தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடி ஈறாகப் பாலாற்றங்கரை ஊர்களில் வாழும் குடும்பங்கள் பலவற்றிற்குச் சோறு போடுவது தோல் தொழிலே. பச்சைத் தோல் கெடாது காப்பதும், பதனிட்ட தோலை வெட்டிக் காலணியாக்குவதும் இவ்வூர்ப் பெற்றோரின் கைவந்த கலை. கடல் கடந்த நாட்டார் அணியும் காலணிகளுக்கு இத்துணைக் கவனம் காட்டும் நாம், நம் பிள்ளை மாலையில் மூலையில் எறிந்துவிட்டுப் போகும் ஹாக்கிப் பையைத் திறந்தேனும் பார்க்கின்றோமா?

இதனைச் சிறு செய்தி என்று தள்ளிவிட இயலாது. ஹாக்கிக்குரிய பொருள்கள் மலிவானவை அல்ல. மட்டை பிளந்துவிட்டால், அடுத்த சம்பளம் வரும்வரை பொறுத்திரு என்கிறோம். அடுத்த சம்பளம் அரிசிக்கும் கடனுக்கும் போய்விடுகிறது. பிள்ளையின் ஆட்டம் அத்தோடு நின்றுவிடுகிறது. 1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர் தமிழ்நாட்டின் வாசுதேவன் பாஸ்கரன். 2023 ஆகஸ்டில் சென்னையில் ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற அணியில் அரியலூர் இளைஞர் கார்த்தி செல்வம் ஆடினார். சிற்றூர்ப் பிள்ளைகளுக்கும் இவ்வாட்டத்தில் வழி உண்டு. அவ்வழி ஒரு மட்டையின் பிளவால் அடைபடலாமா?

இப்பொருள்களைக் காக்கும் அறிவு நமக்குப் புதிதன்று. உரித்த தோலை உப்பிடாமல் குவித்து வைத்தால் என்ன நேரும் என்பதை நம் ஊர்களில் அறியாதார் இல்லை. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் கிருமிகள் பெருகும், தோல் அழுகும். வியர்வை ஊறிய காலுறையும், கையுறையும், ஷின் கார்டு எனப்படும் கால் கவசமும் மூடிய பையினுள் கிடந்தாலும் கிருமிகள் அவ்வாறே பெருகும். முதலில் நாற்றம் வரும். பின்னர்ப் பிள்ளையின் உடலில் அரிப்பும் படையும் வரக்கூடும். எனவே, வீடு திரும்பியதும் பையைக் கவிழ்த்து எல்லாவற்றையும் வெளியே எடுத்தல் முதற்கடமை. துணியாலானவற்றைத் துவைக்க வேண்டும். கால் கவசத்தை ஈரத்துணியால் துடைத்துக் காற்றில் உலர்த்த வேண்டும்.

நனைந்த ஷூவை வெயிலில் காய வைப்பது பலர் வழக்கம். ஷூ கம்பெனியில் பணியாற்றும் தாய்மார்களே, பசையைச் சூடேற்றித்தானே அடிப்பாகத்தை ஒட்டி அழுத்துகிறீர்கள்? சித்திரை வெயிலில் அப்பசை மீண்டும் இளகினால் அடிப்பாகம் வாய் பிளவாதா? தோலும் கடுஞ்சூட்டில் விறைத்து வெடிக்கும். ஷூவினுள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, காற்றோட்டமுள்ள நிழலில் வையுங்கள். தாள் ஈரமானதும் மாற்றுங்கள்.

மட்டைக்கும் நிழலே நலம். முன்னாளில் மட்டைகள் முசுக்கட்டை மரத்தால் ஆயின. இன்று கண்ணாடி இழையும் கார்பன் இழையும் பிசினில் தோய்த்துச் செய்யப்படுவன மிகுதி. மரமட்டை ஈரத்தில் உப்பும், வெயிலில் வெடிக்கும். இழைமட்டையின் பிசினும் மிகு வெப்பத்தால் வலுவிழக்கும். மண் தரையில் ஆடும் மட்டையின் நுனி விரைவில் தேயும் ஆதலால், ஆட்டம் முடிந்ததும் மண்ணைத் துடைத்து உற்று நோக்க வேண்டும். மேலோட்டமான தேய்வுக்கு டேப் சுற்றலாம். ஆழ்ந்த பிளவோ துருத்தும் இழையோ இருப்பின் சிக்கனம் பாராது விலக்குக. கூரிய முனையுள்ள மட்டையை ஆட்ட விதிகளும் ஏற்பதில்லை.

ஹாக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரை. அது கல்லெனக் கடினமானது. ஆதலால் பற்களைக் காக்கும் கவசத்திலும் கால் கவசத்திலும் மிச்சம் பிடித்தல் தகாது. பற்கவசத்தைக் குளிர்ந்த நீரில் கழுவி, துளையுள்ள டப்பாவில் வைக்க வேண்டும். வெந்நீர் பட்டால் அதன் வடிவம் கெடும். அண்ணனுடையதைத் தம்பிக்குக் கொடுத்தலும் கூடாது.

இவையனைத்தையும் தாயே செய்துவிடுதல் வேண்டா. பிள்ளையே செய்யட்டும், சனிக்கிழமை மாலை தந்தை அருகில் அமர்ந்து சொல்லிக் கொடுக்கட்டும். தந்தையின் உடையில் வீசும் தோல் வாடையைக் கண்டு நண்பர் முன் கூசும் பிள்ளைகளை நாம் கண்டதுண்டு. ஈரம் எங்கே ஒளிந்திருக்கும், சூடு எதைக் கெடுக்கும், எந்தத் தையல் முதலில் விடும் என்று அத்தந்தையே எடுத்துக்காட்டும்போது, அவ்வாடைக்குப் பின் எத்துணை நுட்பமான அறிவு உள்ளது என்பதைப் பிள்ளை உணரும். நாம் விட்டுச்செல்லும் சொத்து வேறு இல்லாவிடினும், இவ்வறிவு சொத்தன்றோ?

பிள்ளை வளர்வதால் ஷூவும் மட்டையும் ஓரிரு ஆண்டுகளில் சிறியனவாகிவிடும். நன்கு காத்தவற்றைத் துடைத்து, நாடா மாற்றி, பள்ளியின் விளையாட்டு ஆசிரியரிடம் சேர்ப்பியுங்கள். மட்டை வாங்க வழியின்றிக் கோட்டிற்கு வெளியே நின்று பார்க்கும் இன்னொரு பிள்ளை, அடுத்த வாரமே களத்தில் இறங்கும்.