பனியில் புதையாத உறைவிடம்

அன்டார்க்டிகாவைக் கடுங்குளிர் மாதங்களில் கப்பல்கள் அணுகமாட்டா. அங்குத் தங்கும் குழுவினருக்கு உறைவிடமே உயிர்க்காவல். இந்தியாவின் முதல் நிலையமாகிய தட்சிண கங்கோத்ரி 1983-84-இல் பனித்தட்டின்மீது எழுப்பப்பட்டது. காற்றைத் தடுக்கும் பொருளின் மறைவில் காற்றின் வேகம் குறையும். வேலியோரம் மணல் குவிவதுபோல் அங்கே பனித்துகள் படியும். இவ்வாறு அந்நிலையம் மெல்ல மெல்லப் புதையுண்டமையால், 1990-இல் அதன் பணி முடிவுற்றது.

இக்குறையை நீக்கும் வண்ணம் மைத்ரி நிலையத்தைப் புனேயிலுள்ள பாதுகாப்புத் துறைப் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்தது. 1989-இல் ஷிர்மாக்கர் பகுதியின் பனியற்ற பாறைத் தரையில், எஃகுக் கால்களின்மீது அது நிறுவப்பட்டது. கட்டடத்தின் அடியில் தடையின்றி வீசும் காற்றே பனியை அடித்துச் செல்கிறது. அருகிலுள்ள பிரியதர்ஷினி ஏரி நீர் தருகிறது. சுவரை வலுப்படுத்துமுன் தரையையும் காற்றையும் ஆராய்தல் வேண்டும் என்பதே இதனால் பெறப்படும் படிப்பினை.