கயாக் வாங்குமுன் ஒரு முறை கவிழ்ந்து பாருங்கள்

முல்கியில் சாம்பவி ஆற்றிலும், ஹொன்னாவரில் சராவதியின் கழிமுகத்திலும் விடுமுறையைக் கழித்து வந்த பெங்களூர்க்காரர்களுக்குக் கயாக் புதிதல்ல. ஒரு மணி நேர வாடகைக்கு எடுத்துத் துடுப்புப் போட்டவர்களில் சிலர், சொந்தமாகவே ஒன்று வாங்கினால் என்ன, கூடவே தூண்டிலும் போடலாமே என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் கடை வாசலில் பளபளக்கும் நிறத்தையும், படகைச் சுற்றிப் பொருத்தியிருக்கும் சாமான்களையும் பார்த்து முடிவு செய்தால் பணம் மட்டுமல்ல, உயிரும் ஆபத்துக்கு உள்ளாகலாம்.

கயாக் என்பது ஆர்க்டிக் பனிப்பிரதேசத்து மக்கள் சீல் வேட்டைக்குப் பயன்படுத்திய தோல் படகு. அதில் இடுப்பு வரை உள்ளே நுழைத்து உட்கார வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாலிபு கடற்கரையில் டிம் நீமியர் என்ற இளைஞர், அலைச்சறுக்குப் பலகை ஒன்றைக் குடைந்து, முக்குளிப்புச் சாமான்களுடன் அதன் மேலேயே உட்கார்ந்து சென்றார். இன்று உல்லாசத்துக்கும் மீன்பிடிக்கும் பலரும் விரும்பி வாங்கும் 'மேலே அமரும் கயாக்' அப்படிப் பிறந்ததுதான்.

தமிழர்களுக்கு இதில் வியப்பு அதிகம் இராது. கட்டுமரத்தில் ஏறும் அலை, மரங்களின் இடுக்கு வழியே இறங்கிவிடுகிறது. இந்தக் கயாக்கிலும் உட்காரும் தளத்திலிருந்து அடிப்பாகம் வரை குழாய் போன்ற துளைகள் உண்டு. தளம் நீர்மட்டத்துக்கு மேலே இருப்பதால் ஏறிய தண்ணீர் தானே வடிந்துவிடும். ஆனால் ஒரு பெரிய வேற்றுமை இருக்கிறது. கட்டுமரம் முழு மரம். கயாக் உள்ளே வெற்றுக் கூடு.

'இது மூழ்கவே மூழ்காது' என்று விற்பனையாளர் சொல்லும்போது நினைவில் வைக்க வேண்டியது இதைத்தான். பாலிஎத்திலீன் தூளை அச்சில் இட்டு, சூட்டில் சுழற்றி, ஒட்டே இல்லாத ஒரே உருவாக இதை வார்க்கிறார்கள். உறுதியான பொருள்தான். ஆயினும் கரையில் தரதரவென்று இழுத்தால் அடிப்பாகம் தேயும். துளைக் குழாயின் ஓரத்தில் மயிரிழை விரிசல் விழும். அதன் வழியே உள்ளே கசியும் தண்ணீர் மேலே உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத் தெரியாது. படகு ஏதோ சோம்பலாகப் போகிறது என்றுதான் தோன்றும். பின்னர் ஒருபுறம் சாயும்போது உள்ளிருக்கும் நீர் முழுவதும் அந்தப் பக்கமே ஓடிவந்து கவிழ்த்துவிடும். ஆகவே பழைய படகு வாங்குவோர் முதலில் துளைகளைச் சுற்றி விரலால் தடவிப் பார்க்க வேண்டும். புதிய படகானாலும் கரையேறியதும் வடிகால் திருகைக் கழற்றி, உள்ளே எவ்வளவு நீர் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பது அவசியம்.

அளவு விஷயத்திற்கு வருவோம். சும்மா சுற்றிவர 10 அடி நீளமும் 30 அங்குல அகலமும் தாராளம். எடை 25 கிலோவுக்குள் அடங்கும். மீன்பிடிப்போருக்கு 12 அடி நீளம், 33 முதல் 36 அங்குலம் வரை அகலம் உள்ளவை தோதானவை. பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து தூண்டில் வீசினாலும் ஆட்டம் குறைவு. அதற்கு விலை வேகமும் எடையும்தான். இத்தகைய படகு 40 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. மூன்றாவது மாடியில் குடியிருப்பவர், அதைக் கார் கூரை மேல் ஏற்றப்போவது யார் என்ற கேள்வியை வீட்டிலேயே தீர்த்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது!

தாங்கும் எடை 150 கிலோ என்று எழுதியிருந்தால், 100 கிலோ அளவோடு நிறுத்திக்கொள்வதே விவேகம். ஆளின் எடை 75 என்றால், குடிநீர், ஐஸ் பெட்டி, நங்கூரம், பிடித்த மீன் எல்லாம் மீதி 25-க்குள் அடங்க வேண்டும். பாரம் மிஞ்சினால் தளம் தாழ்ந்து, வடிய வேண்டிய துளை வழியே தண்ணீர் மேலே வரும். உயரமான நாற்காலி முதுகுக்குச் சுகம், தூண்டில் வீசவும் வசதி. ஆனால் ஆளை உயர்த்த உயர்த்தப் படகின் நிதானம் குறையும். காலால் மிதித்துச் செலுத்தும் வகையில் கை இரண்டும் தூண்டிலுக்கு ஓய்வாக இருக்கும். ஆகாயத்தாமரை மண்டிய நம் ஏரிகளில் அது சிக்கிக்கொண்டு படுத்தும் பாட்டைச் சொல்லி மாளாது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனை ஒன்று உண்டு. உயிர்காப்பு அங்கி அணிந்து, உதவிக்கு ஆளை வைத்துக்கொண்டு, அமைதியான நீரில் வேண்டுமென்றே கவிழ வேண்டும். கால் தரையில் ஊன்றாமல் படகை நிமிர்த்தி, வயிற்றால் ஊர்ந்து மேலே ஏற முடிகிறதா? முடியாவிட்டால், எவ்வளவு அழகான படகானாலும் அது அவருக்கு ஏற்றதல்ல. அகலமும் எடையும் கூடினால் நிமிர்த்துவது கடினமாகும் என்பது அப்போதுதான் புரியும். பல கடைகளில் தண்ணீரில் இறக்கிப் பார்க்க விடமாட்டார்கள். அதே மாதிரியை வாடகைக்குக் கொடுக்கும் இடத்தில் இந்தச் சோதனையைச் செய்துவிடலாம்.

நங்கூரத்தைப் படகின் முனையிலோ பின்புறத்திலோதான் கட்ட வேண்டும். ஓடும் நீரில் பக்கவாட்டில் கட்டினால் கவிழ்வது நிச்சயம். கயிற்றை அறுக்க ஒரு கத்தி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மேற்குக் கடற்கரையில் விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும். போகும்போது முதுகில் தள்ளிவிடும் அந்தக் காற்று திரும்பும்போது எதிரியாகும். நீர் வடியும் நேரத்தில் முகத்துவாரத்தின் இழுப்பும் அப்படியே. ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள பருவமழைக் காலத்தில் கடலையும் முகத்துவாரத்தையும் மறந்துவிட வேண்டியதுதான்.

உள்நாட்டு ஏரிகளிலும் அணைகளிலும் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்படுவது வழக்கம். படகு சொந்தம் என்பதால் மீனும் சொந்தமாகிவிடாது; முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். சரணாலய எல்லைக்குள் வனத்துறை அனுமதியின்றித் தூண்டிலை எடுக்கவே கூடாது. காவிரிப் படுகையில் மட்டுமே வாழும் கூன்முதுகு மகசீர் மீன், 2018-ல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அழிவின் விளிம்பில் உள்ள இனமாகச் சேர்க்கப்பட்டது. வேறு மீனுக்குப் போட்ட தூண்டிலில் தவறி அது மாட்டினால், ஈரக் கையோடு பிடித்து, தண்ணீரை விட்டு வெளியே தூக்காமலேயே கொக்கியைக் கழற்றி விட்டுவிட வேண்டும்.