கட்அவுட் இல்லை, கட்அவே: ஒரு ரேஸ் காரை வெக்டரில் திரும்ப வரைவது

இந்த வார எபிசோடில் வெக்டர் கிராபிக்ஸ் பற்றிப் பேசினோம். ஒரு கோடு எப்படி வளைகிறது என்பதைக் காதுக்கு மட்டும் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். அதனால் மீதியை இங்கே எழுத்தில் தருகிறேன்.

நான் கான்ட்ராக்ட் வேலையாக பலேர்மோவில் இருப்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். இங்கே துறைமுகத்தின் பழைய பகுதிக்கு லா காலா என்று பெயர். அதை ஒட்டிய பியாத்சா மரீனா சதுக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பொருள் சந்தை கூடும். அங்கேதான் 1970-களின் கார் பத்திரிகை ஒன்றின் நடுப்பக்கம் கிடைத்தது. போர்ஷே 908/3 காரின் கட்அவே படம். நம்ம ஊர் சினிமா கட்அவுட் இல்லை, கட்அவே. அதாவது காரின் மேல்தோலை அங்கங்கே உரித்து, உள்ளே இருக்கும் இன்ஜின், குழாய், கியர்பாக்ஸ் எல்லாம் தெரியும்படி வரைவது. கையால் கோடு போட்டு, ஏர்பிரஷ்ஷில் நிறம் ஏற்றிய படம். அதை இங்க்ஸ்கேப்பில் திரும்ப வரைந்துகொண்டிருக்கிறேன். மூணு மாசமா சாயங்காலம் எல்லாம் இதிலேயே போகுது.

"ஸ்கேன் பண்ணி ட்ரேஸ் பட்டனை அழுத்தினா முடிஞ்சுதே, எதுக்கு இவ்வளவு பாடு?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான பதில்தான் இது.

ஏன் இந்தக் கார்

பலேர்மோவின் ஃப்ளோரியோ குடும்பம் கப்பல் தொழிலில் பெரிய பெயர். அந்தக் குடும்பத்து வின்சென்சோ ஃப்ளோரியோ 1906-ல் தொடங்கிய கார் பந்தயம்தான் தார்கா ஃப்ளோரியோ. மூடிய ட்ராக் கிடையாது. பலேர்மோவுக்குக் கிழக்கே மதோனியே மலைக் கிராமங்களின் சாதாரண ரோடுதான் களம். 1977 வரை அப்படி நடந்தது. இப்போது அந்தப் பெயரில் ராலி நடக்கிறது.

908/3 இந்த மலை வளைவுகளை மனதில் வைத்தே செய்யப்பட்ட கார். எடை சுமார் 545 கிலோ. 1970-ல் ஜோ சிஃபெர்ட், பிரையன் ரெட்மன் ஜோடி இதில்தான் ஜெயித்தது. அதே நாளில் இன்னொரு 908/3-ஐ ஓட்டிய லியோ கின்னுனென், 72 கிலோமீட்டர் சுற்றை 33 நிமிடம் 36 விநாடியில் முடித்தார். மலைப்பாதையில் சராசரி மணிக்கு 128 கிலோமீட்டர்! அந்த ரெக்கார்டை அதற்குப் பிறகு யாரும் உடைக்கவில்லை.

ஏன் அவ்வளவு வேகம்? கட்அவே படத்தைப் பார்த்தால் ஒரு நொடியில் புரியும். கியர்பாக்ஸ் பின்னால் துருத்திக்கொண்டு இல்லை. இன்ஜினுக்கும் டிஃபரென்ஷியலுக்கும் நடுவில் செருகியிருக்கிறார்கள். அதனால் இன்ஜின் முன்னால் நகர்ந்தது. இன்ஜின் நகர்ந்ததால் டிரைவரும் நகர்ந்தார். அவர் பாதம் முன் ஆக்சிலையும் தாண்டி நிற்கிறது. எடை எல்லாம் நடுவில் குவிந்ததால் கார் வளைவில் சட்டென்று திரும்பும். வெளியிலிருந்து எடுத்த போட்டோ இதைச் சொல்லாது. எதை உரிக்கலாம், எதை மூடியே வைக்கலாம் என்று ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்ததால்தான் படம் பேசுகிறது.

பட்டனுக்கு என்ன தெரியும்

இங்க்ஸ்கேப்பின் ட்ரேஸ் வசதிக்குப் பின்னால் இருப்பது பொட்ரேஸ் என்ற அருமையான அல்காரிதம். லோகோ மாதிரி சுத்தமான கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அதை அடிச்சுக்க ஆள் இல்லை. ஆனால் பத்திரிகையில் அச்சான படம் என்பது புள்ளிகளின் கூட்டம். 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் ஒவ்வொரு மைப்புள்ளியும் தனித்தனியாகத் தெரியும். பட்டனை அழுத்தினேன்; ஆயிரக்கணக்கில் குட்டிக் குட்டி வடிவங்கள் வந்து விழுந்தன. ஸ்கேனை மங்கலாக்கிவிட்டு அழுத்தினால் புள்ளி போகும், கூடவே மெல்லிய கோடுகளும் போகும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. சட்டத்தின் அலுமினியக் குழாய் ஒன்று எக்ஸாஸ்ட் பைப்புக்குப் பின்னால் போய் மறுபக்கம் வெளியே வருகிறது. ட்ரேஸுக்கு அது சம்பந்தமில்லாத இரண்டு சாம்பல் துண்டு. எனக்கு அது ஒரே குழாய். முழுக் குழாயையும் ஒரே கோடாக வரைந்து, எக்ஸாஸ்ட்டை மேல் லேயரில் வைக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் பெயர் கொடுக்கிறேன். நாளைக்கு யாராவது அந்த ஃபைலைத் திறந்து எக்ஸாஸ்ட்டை மறைத்தால், பின்னால் குழாய் அறுபடாமல் இருக்கும். ட்ரேஸ் தருவது படத்தின் தோல் மட்டும்.

கையில் பிடித்த சில வழிகள்

நீங்களும் முயற்சி செய்வதாக இருந்தால் இவை உதவும்.

சக்கரம்: சாய்வாகப் பார்க்கும்போது வட்டம் நீள்வட்டமாகும். அதன் குட்டை அச்சு, அதாவது பள்ளிக் கணக்கில் படித்த குற்றச்சு, ஆக்சில் போகும் திசையிலேயே இருக்க வேண்டும். இது ஒன்று தப்பினால் சக்கரம் கழன்று விழுகிற மாதிரி தெரியும். கையால் வரைந்தவர்கள் இதற்குக் கோணம் குறித்த நீள்வட்ட ஸ்டென்சில்களை அடுக்கி வைத்திருப்பார்கள்.

குழாய்: ஒரே கோட்டை மூன்று பிரதி எடுங்கள். அடியில் தடிமனான கறுப்பு, அதன்மேல் கொஞ்சம் மெலிந்த சாம்பல், உச்சியில் மயிரிழை வெள்ளை. வெள்ளையை வெளிச்சம் வரும் பக்கம் லேசாக நகர்த்தினால் பளபளப்பு வந்துவிடும்.

ஏர்பிரஷ் நிறமாற்றம்: இங்க்ஸ்கேப்பில் மெஷ் கிரேடியன்ட் இருக்கிறது, அழகாகவும் வரும். ஆனால் பிரவுசர்கள் அதைக் காட்டாது. இணையத்தில் போடும் எண்ணம் இருந்தால் சாதாரண கிரேடியன்ட், பிளர், கிளிப் மூன்றையும் வைத்தே ஒப்பேற்றுங்கள்.

கோடு யாருடையது

நாம் இழுக்கும் வளைவுக்குப் பெயர் பெசியே வளைவு. பியேர் பெசியே பிரான்சில் ரெனோ கார் கம்பெனியின் இன்ஜினியர். கார் உடம்பின் வளைவைக் கணினிக்குப் புரியவைக்க 1960-களில் இதைக் கொண்டுவந்தார். அங்கிருந்து அது அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்டுக்கு வந்தது; 1987-ல் இல்லஸ்ட்ரேட்டர் வந்தது. நீங்கள் இப்போது படிக்கும் 'ழ' கூட ஃபான்ட் ஃபைலுக்குள் பெசியே வளைவுதான். ஆக, காரை வடிவமைக்கப் பிறந்த கணக்கை வைத்தே நான் காரை வரைகிறேன்.

ஆனால் இதே கணக்கை 1959-லேயே போட்டவர் ஒருவர் உண்டு. சித்ரோயன் கம்பெனியின் பால் தெ காஸ்தெல்ஜோ. கம்பெனி அதை ரகசியமாக வைத்துக்கொண்டது. பெசியே வெளியே எழுதினார்; பெயர் அவருக்குப் போனது. இவர் பெயர் ஒரு அல்காரிதத்தோடு நின்றுவிட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் படத்தின் வலது கீழ் மூலையில் ஓவியரின் சின்னக் கையெழுத்து இருக்கிறது. ட்ரேஸ் பட்டன் அதை ஏழெட்டுக் கறுப்புத் திட்டுகளாக மாற்றியது. படிக்க முடியவில்லை. அந்த ஃபைலை அப்படியே இணையத்தில் விட்டிருந்தால் அடுத்தவர் அதைத் தூசி என்று அழித்திருப்பார். சென்னையில் கையால் வரைந்த சினிமா பேனர்களின் மூலையில் 'மோகன் ஆர்ட்ஸ்' மாதிரி பெயர்கள் இருந்தன. ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அந்த மூலையில் யார் பெயரைப் பார்க்கிறோம்?

சட்டமும் இங்கே தெளிவு. இத்தாலியின் 1941-ஆம் ஆண்டு 633-ஆம் எண் சட்டப்படி, படைத்தவர் இறந்து 70 வருடம் வரை காப்புரிமை உண்டு. இந்தியாவில் 60 வருடம். கோடு கோடாக நானே போட்டாலும் மூலம் அவருடையது. வெளியிட வேண்டுமானால் அனுமதி வேண்டும். அந்த 70 வருடம் முடிந்தாலும், 'இது இன்னார் வரைந்தது' என்று சொல்லப்படும் உரிமைக்கு இத்தாலியில் காலாவதியே கிடையாது. அதனால் இந்த ஃபைல் இப்போதைக்கு என் டிஸ்க்கில்தான் இருக்கும், இந்த மடலோடு வராது. கையெழுத்தைத் தனி லேயரில் பெரிதாக்கிப் பார்த்து, எழுத்து எழுத்தாக வரைந்து, பூட்டி வைத்திருக்கிறேன். ஃபைலின் மெட்டாடேட்டாவில் படைத்தவர் என்ற இடத்தில் அவர் பெயர். என் பெயர் கீழே, 'மறுவரைவு' என்று.

உங்கள் வீட்டிலோ ஒர்க்‌ஷாப்பிலோ பழைய வண்டி மேனுவல், டிராக்டர் போஸ்டர், தையல் மெஷின் விளக்கப்படம் ஏதாவது இருந்தால் இந்த வாரம் ஸ்கேன் செய்து வையுங்கள். மூலையை வெட்டாமல், கையெழுத்தோடு. அதில் ஒரே ஒரு போல்ட்டை மட்டும் கையால் வெக்டரில் வரைந்து பாருங்கள். எவ்வளவு நேரம் ஆச்சு என்று எழுதுங்கள். அடுத்த எபிசோடில் பேசலாம்.