மரத்தின் காயம் ஆறுவதில்லை

அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில், கிங்ஸ் இன்ஸ் என்னும் பழைய சட்டக் கல்வி நிறுவனத்தின் வளாகத்தில் ஒரு மரம் இருக்கிறது. அருகில் கிடந்த இரும்பு பெஞ்சின் ஒரு பகுதியை அது விழுங்கி நிற்கிறது. 'பசித்த மரம்' என்றே அதற்குப் பெயர். நம் தெரு வேப்பமரங்களிலும் இதைக் காணலாம். அடித்த ஆணியும் கட்டிய கம்பியும் சில ஆண்டுகளில் பட்டைக்குள் மறைந்துவிடுகின்றன. காயம் ஆறிவிட்டது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் அது ஆறவில்லை.

நம் உடலில் காயம்பட்ட இடத்தில் புதிய சதை வளர்ந்து சீராகிறது. மரத்தால் அப்படிச் செய்ய இயலாது. காயம்பட்ட கட்டை கடைசிவரை அப்படியேதான் இருக்கும். மரம் செய்வதெல்லாம் அந்த இடத்தைச் சுற்றித் தடுப்பு எழுப்புவதுதான். நீர் செல்லும் நுண்குழாய்களை அடைக்கிறது. பூஞ்சையை எதிர்க்கும் பொருட்களைச் சுரக்கிறது. இனி வளரும் கட்டைக்கு அழுகல் பரவாதபடி ஓர் அரண் அமைக்கிறது. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஏராளமான மரங்களை அறுத்துப் பார்த்து, 1977-ல் இதை விளக்கி வெளியிட்டார்.

பட்டைக்கு அடியிலுள்ள மெல்லிய வளர்திசுதான் புதிய கட்டையை உருவாக்குகிறது. அதுவே காயத்தின் ஓரங்களில் உதடுபோல் தடித்து, ஆணியையும் மூடுகிறது. மரம் நுனியில்தான் உயர்கிறது என்பதால், ஆணி அடித்த உயரத்திலேயே ஒளிந்திருக்கும். பின்னாளில் மரம் அறுப்பவரின் வாளில் அது சிக்கினால் அவருக்கே ஆபத்து.

சுற்றிக் கட்டிய கம்பி ஆணியைவிடக் கொடியது. இலைகள் தயாரிக்கும் உணவு உட்பட்டை வழியாகவே வேருக்கு இறங்குகிறது. மரம் பருக்கப் பருக்கக் கம்பி இறுகி அவ்வழியை நெரிக்கிறது. வேர் பட்டினி கிடந்து மரம் பட்டுப்போகிறது.

தென்னை, பனை, பேரீச்சை ஆகியவற்றுக்கு இந்த வளர்திசுவே கிடையாது. அவை காயத்தை மூடவும் முடியாது. ஏறுவதற்காகத் தென்னையில் வெட்டிய படி, அந்த மரம் உள்ளவரை திறந்தே கிடக்கும்.

ஆகவே அறிவிப்புப் பலகைக்குத் தனிக் கம்பம் நடுவோம். நோன்புக் காலத்திலும் கல்யாண வீட்டிலும் மரத்தில் சீரியல் விளக்கு கட்டினால், விசேஷம் முடிந்ததும் அவிழ்த்துவிடுவோம். ஏற்கெனவே கட்டையில் புதைந்துபோன கம்பியைப் பிடுங்க வேண்டாம்; அது இன்னொரு காயமாகும். வெளியே தெரியும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்தால் போதும். கிளையை வெட்டும்போது அடியிலுள்ள புடைப்பை விட்டுவிட்டு, அதை ஒட்டி வெட்ட வேண்டும். மரம் காயத்தை மூடத் தொடங்குவது அங்கிருந்துதான். வெட்டிய இடத்தில் தார் பூசுவதால் அழுகல் நிற்பதில்லை.

மரம் ஓசையின்றி மூடிக்கொள்வதால், நாம் செய்த காயம் நம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. உள்ளே அது அப்படியே இருக்கிறது.