கத்தியின்றி நுரையீரல் சிகிச்சை: எம்பிசிமா வால்வு எந்த அளவுக்குப் பாதுகாப்பானது?

உளூ செய்து முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. ஸஜ்தாவுக்குக் குனிந்தால் நெஞ்சு அடைக்கிறது. நீண்டகாலம் புகைபிடித்த பெரியவர்கள் பலரும் இதை 'வயசாயிடுச்சு' என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். சிலருக்கு இது எம்பிசிமா எனும் நுரையீரல் நோயாக இருக்கலாம்.

நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளின் சுவர்கள் சிதைந்து, உள்ளே போன காற்று வெளியேற முடியாமல் தேங்குவதே இந்நோய். ஊதிப் பெருத்த பகுதி, நல்ல பகுதியையும் நெருக்குகிறது. சிதைந்த சுவர்களை மீண்டும் உருவாக்க மருந்து இல்லை.

வால்வு என்ன செய்கிறது?

மூச்சுக்குழாய் வழியாக பிராங்கோஸ்கோப் கருவியைச் செலுத்தி, மிகவும் கெட்டுப்போன பகுதிக்குச் செல்லும் கிளைக்குழாய்களில் சிறிய வால்வுகளைப் பொருத்துகிறார்கள். இவை காற்றை வெளியே விடும்; உள்ளே விடாது. அந்தப் பகுதி சுருங்க, நல்ல பகுதி விரிய இடம் கிடைக்கிறது. நெஞ்சைக் கிழிக்க வேண்டியதில்லை. ஒத்துக்கொள்ளாவிட்டால் வால்வை அகற்றிவிடலாம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018-ல் இதற்கு அனுமதி அளித்தது.

ஆபத்து உண்டா?

உண்டு. கத்தி இல்லை என்பதால் ஆபத்தே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. 2018-ல் வெளியான 'லிபரேட்' ஆய்வில் 128 பேருக்கு வால்வு பொருத்தப்பட்டது. முதல் 45 நாட்களில் 34 பேருக்கு, அதாவது ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு, நுரையீரலிலிருந்து காற்று கசிந்து நெஞ்சுக்கூட்டில் தேங்கியது. அதே காலத்தில் 4 பேர் இறந்தனர். மறுபக்கம், ஓராண்டுக்குப் பின் வால்வு பொருத்தியவர்களில் சுமார் 48 சதவீதம் பேருக்கு மூச்சுத் திறன் 15 சதவீதமோ அதற்கு மேலோ கூடியிருந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அது சுமார் 17 சதவீதமே.

காற்றுக்கசிவு பெரும்பாலும் முதல் மூன்று நாட்களில்தான் நேர்கிறது. எனவே நோயாளி நலமாகத் தெரிந்தாலும், 'இன்றே ஊருக்குப் போகலாம்' என்று அவசரப்படாதீர்கள். வீடு திரும்பிய பின் திடீர் நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். உம்ரா போன்ற விமானப் பயணங்களை மருத்துவர் அனுமதித்த பிறகே திட்டமிடுங்கள்.

யாருக்குப் பொருந்தும்?

எல்லோருக்கும் அல்ல. புகைப்பழக்கத்தை முற்றிலும் விட்டிருக்க வேண்டும். அடைக்கப்படும் பகுதிக்குப் பக்கத்துப் பகுதியிலிருந்து காற்று கசியாமலும் இருக்க வேண்டும். கசிந்தால் வால்வு பயன்தராது. இதை சி.டி. ஸ்கேன் மூலமும் தனிப் பரிசோதனை மூலமும் அறியலாம்.

சம்மதிக்கும் முன் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இந்தப் பரிசோதனைகள் முடிந்தனவா? எத்தனை நாள் மருத்துவமனையில் கண்காணிப்பீர்கள்? காற்று கசிந்தால் இரவிலும் உடனே நெஞ்சில் குழாய் பொருத்த வசதி உண்டா?

நிவாரணம் தருபவன் அல்லாஹ். விசாரித்து, ஆலோசித்து முடிவெடுப்பது நம் கடமை.