இணையதளச் சாவி நம்ம கையில்!



"வெப்சைட் எல்லாம் படிச்சவங்க வேலை. காசு கொடுத்தா யாராவது செஞ்சு தருவாங்க" என்று குழுக் கூட்டங்களில் பலர் சொல்கிறீர்கள். செய்து தருவார்கள்தான். அதை நடத்துவது யார்?

நம் மாவட்டத்திலேயே முன்னோடி உண்டு. 2000-களின் தொடக்கத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு கன்னிவாடி, ரெட்டியார்சத்திரம் பகுதி விவசாயிகள் தகவல் மையம் நடத்தினார்கள். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கென்றே ஓர் இணையதளமும் இயங்கியது. யோசித்துப் பாருங்கள்: தக்காளி விலை இன்றைக்கு ஒன்று, நாளைக்கு வேறொன்று. நேற்றைய விலையைக் காட்டினால் யாருக்கு லாபம்? கட்டுவது சில நாள் வேலை. நடத்துவது அன்றாட வேலை.

இணையதளத்தில் மூன்று விஷயங்கள் உண்டு.

1. முகவரி (டொமைன்): சொந்தமாக வாங்க முடியாது, கட்டணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். கெடு முடிந்தும் புதுப்பிக்காவிட்டால் அந்தப் பெயரை வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம்.

2. இடம் (ஹோஸ்டிங்): இரவும் பகலும் ஓடும் ஒரு கணினியில் நம் பக்கங்களை வைக்க வாடகை.

3. பக்கங்கள்: நம் பொருள், படம், விலை, தொடர்பு எண்.

எங்கே ஆரம்பிப்பது? முதலில் யூனிகோடில் தமிழ் தட்டச்சு. அடுத்து, சின்னாளபட்டி சுங்குடிச் சேலையோ மசாலாப் பொடியோ, வெளிச்சத்தில் தெளிவாகப் படம் எடுத்து, அளவு, விலை, அனுப்பும் செலவு எழுதப் பழக வேண்டும். பிறகு வேர்ட்பிரஸ். 2003-இல் வந்த இந்த இலவச மென்பொருளில் படிவம் நிரப்புவது போலப் பக்கம் சேர்க்கலாம். கடைசியாக ஹெச்.டி.எம்.எல். இது தலைப்பு, இது படம் என்று கணினிக்குச் சொல்லும் குறியீடு. கொஞ்சம் தெரிந்தாலே சின்னத் தவறுகளை நாமே சரிசெய்துவிடலாம்.

முக்கியமாக ஒன்று. வங்கிக் கணக்கில் ஊக்குநரும் பிரதிநிதியும் சேர்ந்துதானே கையெழுத்துப் போடுகிறோம்? கையெழுத்துப் போட்ட காசோலையை வெளியாளிடம் கொடுத்துவிட்டு வருவோமா? இணையதளமும் அப்படித்தான். செய்து கொடுத்தவர் பெயரில் முகவரி இருந்தால், அவர் ஊரை விட்டுப் போனால் நம் கடை பூட்டியே கிடக்கும்.

ஆகவே அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள்:

* முகவரி கூட்டமைப்பின் பெயரில் இருக்கட்டும்.
* கடவுச்சொல் இரண்டு உறுப்பினர்களிடம் இருக்கட்டும். பொறுப்பு மாறினால் கடவுச்சொல்லும் மாறட்டும்.
* புதுப்பிக்கும் தேதியைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.
* மாதம் ஒருமுறை எல்லாப் பக்கங்களையும் பிரதி எடுத்து வையுங்கள்.

சேமிப்புக் கணக்கு எழுதக் கற்றுக்கொண்ட கைகள் இதையும் கற்றுக்கொள்ளும். ஒவ்வொரு குழுவிலிருந்தும் இருவர் முன்வாருங்கள்!