காது இரைச்சலும் செவித்திறன் குறைவும்: அன்றாட வாழ்வில் ஏற்படும் பாதிப்புகள்

வெளியில் ஒலி ஏதும் இல்லாதபோதும் காதில் ரீங்காரமோ இரைச்சலோ கேட்பது டின்னிடஸ் எனப்படும். இது பெரும்பாலும் செவித்திறன் குறைவுடன் சேர்ந்தே காணப்படுகிறது.

வயது முதிரும்போது உயர் அதிர்வெண் ஒலிகளே முதலில் மங்குகின்றன. ஆகவே 'பல்', 'கல்' போன்ற சொற்களைப் பிரித்தறிவது கடினமாகும். பேச்சு கேட்கும், பொருள் விளங்காது. திரும்பத் திரும்பக் கேட்கத் தயங்கி, நோயாளி உரையாடலைத் தவிர்க்கத் தொடங்குவார். இதனை மறதி என்றோ பிடிவாதம் என்றோ குடும்பத்தினர் கருதலாகாது. இரவின் அமைதியில் இரைச்சல் மிகுந்து தோன்றி உறக்கத்தைக் கெடுக்கும். மின்விசிறியின் மெல்லொலி அதனைத் தணிக்கக்கூடும்.

உரக்கக் கத்தாமல், முகம் பார்த்து நிதானமாகப் பேச வேண்டும். செவித்திறன் குறைந்தோர் பலருக்குக் காதொலிக் கருவி இரைச்சலின் தொல்லையையும் குறைக்கிறது. திடீரெனக் காது கேளாமற்போனால், அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரை அணுக வேண்டும். சிகிச்சை தாமதமானால் செவித்திறன் மீளும் வாய்ப்புக் குறையும்.